வருடச் சராசரிக்குள் மறைந்த கோடை

அன்பு மதினிக்கு,

நீங்கள் கண்மூடி இரண்டு வருடம் ஆகிறது. செம்பூர் வீட்டில் அண்ணன் இப்போது தானே சமைத்துக்கொள்கிறார். ரசம் மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. உங்களிடம் சொல்ல வேறொரு சேதியும் இருக்கிறது. ஏரிக்குப் புது வரம்பு வந்துவிட்டது.

அந்தப் பழைய கூட்டம் ஞாபகம் இருக்கிறதா? ஆறு வந்து சேரும் அந்த ஏரியில், பாசியை வளர்க்கும் பாஸ்பரஸ் எவ்வளவு வரை இருக்கலாம் என்று முடிவு செய்ய, நம் ஆய்வகத்திலிருந்து நாம் இருவரும் போயிருந்தோம். வருடச் சராசரி போதும் என்றார்கள். மழைத் தண்ணீரில் கரைந்து குறைகிற மாதங்களையும் சேர்த்துச் சராசரி போட்டால், மே மாதம் ஏரி பாசி பிடிப்பது காகிதத்தில் தெரியுமா என்று நீங்கள் ஒருவர்தான் கேட்டீர்கள். அந்த முடிவில் நீங்கள் கையெழுத்துப் போடவில்லை. நான் போட்டேன்.

குர்லாவில் ரயில் மாறும்போது கேட்டீர்கள்: "ஏட்டி செல்வி, தெரியாமலா போட்ட? தெரிஞ்சுதான போட்ட?"

எனக்குப் பதவி உயர்வு நெருங்கியிருந்தது. அதைச் சொல்லாமல் வந்த ரயிலில் ஏறிவிட்டேன். உங்களைக் கோப்பு அறைக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு ஒரு நாளும் நீங்கள் என்னைக் குத்திப் பேசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை, மதினி.

போன மே மாதம் ஏரி பச்சைப் பெயின்ட் ஊற்றியது போலக் கிடந்தது. மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த ஒரு மீனவப் பெண் மராத்தியில் கேட்டாள், உங்கள் கணக்கில் இது நல்ல தண்ணீரா என்று. நம் கணக்கில் அது நல்ல தண்ணீர்தான்.

அதன் பிறகு வரம்பைத் திருத்த நடந்த கூட்டத்தில் எழுந்து, அன்று தெரிந்தே தவறாகக் கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னேன். "அதெல்லாம் இப்போ எதுக்கு மேடம்?" என்றார் தலைவர். நீங்கள் மாதாமாதம் எடுத்து வைத்த அளவுகளை மேசையில் விரித்தேன். வெகுநேரம் வாதாடினோம். கடைசியில் கோடைக்கென்று தனி வரம்பு எழுதினார்கள். நீங்கள் கேட்ட அளவுக்கு இறுக்கமாக இல்லை. ஆனாலும் எழுதினார்கள்.

நீங்கள் இருக்கும்போதே நான் எழுந்திருக்கக் கூடாதா?

அடுத்த மாதம் இன்னொரு ஏரிக்கு வரம்பு எழுதுகிறார்கள். வரைவில் மறுபடியும் வருடச் சராசரிதான். அதைத் திருத்தும்வரை நான் உட்கார மாட்டேன், மதினி. பதவி போனால் போகட்டும்.

உங்கள் நாத்தனார்,
செல்வி