பார்லிச் சக்கையும் நாற்பது மாடுகளும்

செப்டம்பர் 24, புதன்
கல்லூரி வேலையை விட்டு இன்றோடு ஒரு வருடம். பெருந்துறை ஷெட்டில் இன்னமும் நானும் மெஷின் பார்க்கும் அங்கப்பண்ணனும்தான். கோவையில் செடிச் சர்க்கரையிலிருந்து பிளாஸ்டிக் கவர் செய்கிற நித்யஸ்ரீ போன் செய்தாள். பீர் காய்ச்சி மிஞ்சிய பார்லிச் சக்கையில் நான் எடுக்கும் பாகு பத்து லிட்டர் வேண்டுமாம், அக்டோபர் 11க்குள். தேறினால் மாதாமாதம் என்னிடமே வாங்குவாள். தேறாவிட்டால் மக்காச்சோளப் பாகுக்குப் போய்விடுவாள். நான் மறுபடி கல்லூரி வாசலில் நிற்க வேண்டியதுதான்.

செப்டம்பர் 27
சக்கை கேட்டு பொங்கியண்ணன் பண்ணைக்குப் போனேன். பீர் கம்பெனிச் சக்கை மொத்தமும் அவருடைய நாற்பது மாடுகளுக்குத்தான் போகிறது. "ஒரே ஒரு லோடு தாரனுங்க அம்மணி. அடுத்தது கேக்கப்படாது" என்றார். கொடுத்தாரே, அதுவே பெரிசு.

செப்டம்பர் 30
வேகவைத்த சக்கையில் நொதியைக் கலந்து தொட்டியில் விட்டாயிற்று. ஐம்பது டிகிரிச் சூட்டில் இரண்டு நாள் மெஷின் விடாமல் கலக்கினால் சக்கை சர்க்கரையாக உடையும். சாயங்காலம் நக்கிப் பார்த்தேன். லேசான இனிப்பு! நாளை சத்தியமங்கலத்தில் தங்கைக்கு வளைகாப்பு. தொட்டியை அங்கப்பண்ணன் பார்த்துக்கொள்வார்.

அக்டோபர் 2
போச்சு.
நேற்று ஆயுதபூஜை. அங்கப்பண்ணன் மெயின் சுவிட்சை அணைத்து, பேனலுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலையும் போட்டு வீட்டுக்குப் போய்விட்டார். இருபது வருஷம் மில்லில் இருந்த மனுஷன். பூஜை போட்ட மெஷினை மறுநாள் வரை தொடமாட்டார் என்று எனக்குத் தோணியிருக்க வேண்டாமா? மூளையை எங்கே வைத்தேன்? சூடு ஆறி, தொட்டி முழுக்கப் புளித்த மோர் வாசம். சர்க்கரையைக் கிருமி தின்றுபோட்டது.
"ஓடற மெஷினுக்கு ஒரு நா ஓய்வு வேணுமுங்களே" என்கிறார். கோபத்தில் அவர் நீட்டிய பொரியைக்கூட வாங்கவில்லை. அப்புறம் வாங்கித் தின்றேன். பசி.

அக்டோபர் 3
அழுதேன். அங்கப்பண்ணன் மெதுவாக வந்தார். "ஏனுங்க அம்மணி, எங்கூட்டு மாடு புளிச்ச கழனித்தண்ணியத்தான் மொதல்ல குடிக்கும். இந்தச் சக்கையையும் வடிகட்டி வெச்சுப் பாக்கலாங்களா?"

அக்டோபர் 4
பொங்கியண்ணன் முகம் சுளித்து, மூன்று மாடுகளுக்கு மட்டும் வைக்கச் சொன்னார். மூன்றும் அடிவரை நக்கின. மற்றவை கயிற்றை இழுத்தன. நான் விட்டேனா? "சர்க்கரைய மட்டும் நான் எடுத்துக்கறனுங்க. சக்கை உங்களுக்கே திரும்பி வரும். சத்து அதுலதான் இருக்குது" என்றேன். அவர் தாடையைச் சொறிந்தார். "மூணு நா பாக்கறேன். பால் கொறையலைன்னா லோடு வரும்."

அக்டோபர் 7
பால் குறையவில்லை. லோடு வந்துவிட்டது!

அக்டோபர் 10
மூன்று நாளாக அங்கப்பண்ணன் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். என்னையே தொடவிடவில்லை. பாகு நல்ல தேன் நிறம்.

அக்டோபர் 11
பத்து லிட்டர் கேனை மடியில் வைத்துக்கொண்டு கோவைக்கு பஸ். கால் மரத்துப்போனது.

நவம்பர் 14
காலையில் பொங்கியண்ணன் போன், குரலில் காரம். "ஏனுங்க அம்மணி, நேத்து உங்க சக்கை வல்லீங்க. கம்பெனிச் சக்கைய அப்படியே போட்டா மாடு மோந்து பாத்துப்போட்டு மூஞ்சியத் திருப்பிக்குது. நானென்ன பண்றது?"
நித்யஸ்ரீயின் இந்த மாதப் பாகை வண்டியில் ஏற்றியதில் ஒரு நாள் பிந்திவிட்டது என்றேன்.
"அதெல்லாம் எனக்கெதுக்குங்க. இனி லோடெல்லாம் நேரா உங்க ஷெட்டுக்கே வரும். மாட்டுக்கு அப்பறம் அனுப்புங்க."
சரீங்க என்றேன். இன்னொரு தொட்டி வாங்க வேண்டும்.