தூணுக்குள் மீன்வலை

பெரியபட்டினம்
8.11.2024

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவும் தங்கச்சி அஃபீஃபாவும் நலம். சவூதிக்குத் திரும்பும் சஃபீர் காக்காவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் எதுவும் பேச முடியாது. ஹமீது மாமா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். எல்லாரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள்.

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது மாமா காண்ட்ராக்ட் எடுத்து எங்கள் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டுக் கொட்டகை கட்டினார் அல்லவா? அதன் இரும்புத் தூண்களின் அடியைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குக் கான்கிரீட் போட்டார்கள். உள்ளே பழைய மீன்வலையைச் சுற்றியதை நான் பார்த்தேன். "கம்பி வலைதான் வைக்கணும் பாய், இது வெடிச்சுப்போகும்" என்றார் கொத்தனார் கூத்தையா. மாமா சிரித்தார். "ஏலே, இந்த உப்புக்காத்துல கம்பி துருப்பிடிக்கும். நைலானு எங்க துருப்பிடிக்கும்? கொட்டு."

இப்போது ஒரு தூணின் அடியில் கான்கிரீட் பிளந்து, துருத்தண்ணீர் வடிகிறது. அதை ஒட்டித்தான் அஃபீஃபாவின் வகுப்பு சாப்பிட உட்காரும். காற்றில் மேலே தகரம் அதிரும்போது எனக்குச் சோறு இறங்குவதில்லை. மாமாவிடம் சொன்னேன். "வெளிய வாயத் தொறந்த, உங்க உம்மாவக் கூட்டிக்கிட்டு வேற வீடு பாத்துக்க" என்றார்.

இரும்புத் தூண் நிறுத்துவதுதானே உங்கள் வேலை? அது விழுமா, வாப்பா? உண்மையைச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்
சுஹா


தம்மாம்
17.11.2024

என் செல்ல மகளுக்கு,

வாப்பாவின் ஸலாமும் துஆவும். ஊருக்கு வரும் ஜாபர் சாதிக்கிடம் இதைக் கொடுத்திருக்கிறேன்.

பயப்படாதே. கொட்டகையின் பாரம் கான்கிரீட்டில் இல்லை, இரும்பில்தான். கான்கிரீட் வெறும் காவல். உள்ளே கம்பி வலை இருந்தால் அது பிளக்காமல் பிடித்துக்கொள்ளும். மீன்வலைக்கு அந்தப் பிடி இல்லை. பிளந்துவிட்டால் உப்புத்தண்ணீர் உள்ளேயே தங்கி இரும்பைத் தின்னும். உடைத்துப் பார்க்காமல் எவ்வளவு போயிருக்கிறதென்று யாராலும் சொல்ல முடியாது.

மாமாவிடம் நான் பேசுகிறேன். நீ யாரிடமும் சொல்லாதே. நீங்கள் மூன்று பேரும் அவர் வீட்டில் இருக்கிறீர்கள். நான் இங்கிருந்து என்ன செய்ய முடியும்?

வாப்பா
முஹைதீன்


பெரியபட்டினம்
29.11.2024

வாப்பா,

நீங்கள் பேசிய மறுநாளே மாமா பிளவின் மேல் சிமெண்டைப் பூசி, பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டார். "'பூசி விட்டுருங்க மச்சான், சின்னப்புள்ள பயப்படுது'ன்னு உங்க வாப்பாவே சொல்லிட்டாரு. என்ன இஞ்சினியரம்மா, திருப்தியா?" என்று என் தலையில் தட்டினார். நீங்கள் அப்படிச் சொன்னீர்களா?

புயல் வரும் என்று நேற்று அறிவித்தார்கள். நான் தலைமையாசிரியையிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் கூத்தையாவை வரவழைத்து உடைக்கச் சொன்னார். உள்ளே இரும்பு ஏடு ஏடாக உதிர்ந்தது. தூணின் கனத்தில் பாதிகூட மிச்சமில்லை. "நல்லவேளை தாயி" என்றார் கூத்தையா. கொட்டகையைக் கயிறு கட்டி அடைத்துவிட்டார்கள்.

மாமா ராமநாதபுரம் போயிருக்கிறார். சேதி அவருக்கு எட்டிவிட்டது; விடிந்தால் வந்துவிடுவார். உம்மா துணிமணிகளை மூட்டை கட்டுகிறாள். எங்கே போகிறோம் என்று கேட்டேன். அஃபீஃபாவின் புத்தகப்பையையும் எடுத்து வைக்கச் சொன்னாள்.

இதை எழுதும்போது உம்மாவின் போன் அடிக்கிறது. நீங்கள்தான். உம்மா எடுக்காமல் என் பக்கம் தள்ளிவிட்டாள். எடுத்தால் மாமாவிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்வீர்களோ என்று பயமாக இருக்கிறது.

அடித்து ஓயட்டும்.

சுஹா