பூட்டாமல் கிளம்பு

தாராவி, ஏப்ரல் 2023

தம்பிக்கு ஸலாம். மறுபடி லைன் கிடைக்கவில்லை, வாட்ஸப்பில் எழுதி அனுப்புகிறேன்.

"ராணுவத்துக்கிட்ட விமானம் இருக்குண்ணே, ஒரு வாரத்துல முடிஞ்சிரும்" என்று போனில் சொன்னாய். விமானம் ராணுவத்திடம்தான் இருக்கிறது. ஆனால் சூடானில், உன் கார்த்தூம் தெருவில் நிற்பது எதிரணித் துணைப்படை. வானம் ஒருவனிடம், தெரு இன்னொருவனிடம். சரிக்குச் சரி நிற்கிறார்கள். ஒரு வாரத்தில் முடியாது.

தொண்ணூற்றிரண்டு பம்பாய்க் கலவரத்தில் நானும் இரண்டு நாள் என்றுதான் நினைத்தேன். கடைக்குப் பெரிய பூட்டாகப் போட்டேன். அந்தப் பூட்டைப் பார்த்துத்தான் உள்ளே சரக்கு இருக்கிறதென்று உடைத்தார்கள்.

சரக்கு எப்படியும் போகும். நீ தோல்பைக் கடையைத் திறந்தே போட்டுவிட்டு, சஃப்ரீனையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, பஸ் ஓடும்போதே எல்லைக்குக் கிளம்பு.

என்னோடு கோபித்துக்கொண்டு போனபோது நீ விட்டுப்போன தையல் மெஷினை நான் விற்கவில்லை. நேற்று எண்ணெய் போட்டு வைத்தேன்.

உன் அண்ணன்