மாடு முட்டிய காயம்

புரட்டாசி 2, செவ்வாய்

விடியலில் தூறல். அப்புறம் ஒரே புழுக்கம். நாற்றங்கால் நல்ல பச்சை. பத்துப் பன்னிரண்டு நாளில் பறிக்கலாம். ஆற்றில் தண்ணீர் முழங்கால் அளவுதான், வாய்க்காலுக்கு ஏறவில்லை. பம்புசெட்டை நம்பித்தான் நடவு.

மண்வெட்டிக்குக் காம்பு. பிரஷர் மாத்திரை. வரப்பில் நண்டு வளை அடைக்க வேண்டும்.

எண்ணெய்க் குழாய்க்காரர்கள் அளந்து நட்டுவிட்டுப் போன கல் எங்கள் வயலில் இன்னும் நிற்கிறது. பிடுங்கினால் கேஸ். கல்லைச் சுற்றி உழுதாயிற்று.

மத்தியானம் செல்போன். புது நம்பர். ஓர் ஆண் குரல், கட்டைக் குரல், "அப்பா" என்றது. "ராங் நம்பர் தம்பி" என்று வைத்துவிட்டேன். மறுபடி வரவில்லை. யார் பெற்ற பிள்ளையோ.

புரட்டாசி 4, வியாழன்

மகள் தமிழரசி சென்னையிலிருந்து வந்திருக்கிறாள். சொல்லவே இல்லை. முத்துப்பேட்டை பஸ்ஸில் காலையில் வந்து இறங்கினாள். கையில் ஒரே பை. இந்த வெயிலில் கழுத்தைச் சுற்றித் துப்பட்டா.

அடுத்த மாதம் பெரிய குத்துச்சண்டை இருப்பதாகச் சொல்லியிருந்தாள். மெடலுக்காக ஆடுவதை விட்டு இரண்டு வருஷம் ஆயிற்று. இது டிக்கெட் போட்டு நடத்துகிற சண்டை, ஜெயித்தால் இடுப்பில் பெல்ட் கட்டுவார்கள். அதை விட்டுவிட்டு ஏன் வந்தாள்? கேட்டால் தொண்டையைத் தொட்டுக் கையை விரிக்கிறாள். பேச முடியாதாம்.

தோள் இரண்டும் எப்படி அகன்றுவிட்டன. முகத்தில் பரு. சரியாகச் சாப்பிடவில்லை.

முதியோர் பள்ளியில் தலை நரைத்த பிறகு படித்த எழுத்து இது. முழுப் பெயர் எழுதினால் விரல் கடுக்கிறது. இனி த. போதும்.

புரட்டாசி 5, வெள்ளி

சித்தரத்தை, மிளகு, பனங்கற்கண்டு. கஷாயம் வைத்து நானே ஆற்றிக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் அம்மா அஞ்சலையிடம் மட்டும் அடுப்படியில் ஏதோ கிசுகிசு. நான் போனால் நின்றுவிடுகிறது.

சாயங்காலம் ஆரோக்கியமேரி வந்தாள். எங்கள் நடவுக்கு ஆள் கூட்டி வருபவள், வாய் ஓயாது.

"என்னாடி, மெட்ராஸ் தண்ணி தொண்டையக் கட்டிடுச்சா? நடவுக்குள்ள சரி பண்ணிக்க. நீ கொலவ போடலன்னா நாத்து நிமிராது."

த. சிரிக்கப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

எங்கள் வயலில் ஈசானி மூலையில் முதல் நாற்று முடி நடுவது த. தான், பாவாடை கட்டிய வயதிலிருந்து. நட்டு நிமிர்ந்து குலவை போடுவாள். அக்கரையில் மாடு மேய்ப்பவன் திரும்பிப் பார்ப்பான். சென்னைக்குப் போன பிறகும் அந்த ஒரு நாளுக்கு வந்துவிடுவாள்.

புரட்டாசி 7, ஞாயிறு

பம்புசெட்டுக்குக் கஞ்சி கொண்டுவந்த அஞ்சலை போகாமல் நின்றாள்.

"அன்னைக்கு ஒரு போன் வந்துச்சே, ராங் நம்பர்னு வெச்சீங்களே."

"ஆமா."

"அது இவதாங்க. யாரோ போன வாங்கிப் பேசிருக்கா."

மோட்டார் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். நிறுத்திவிட்டு வந்தேன். திரும்பச் சொன்னாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சண்டை சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர் ஊசி போட்டிருக்கிறார். உடம்பு முறுக்கேறுவதற்கு. ஆண் உடம்பில் ஊறுகிற சத்தாம் அது. பல மாதமாக இவள் வீட்டுக்குத் தூரம் ஆகவில்லை. குரல் உடைந்துவிட்டது. பையில் சவரக் கத்தி இருக்கிறது, விடியுமுன் எழுந்து முகம் வழிக்கிறாள். ஒரு சண்டைக்கு அப்புறம் மூத்திரம் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள், மாட்டிக்கொண்டாள். இப்போதைக்குத் தடை. டில்லியில் விசாரணை.

"ஒங்ககிட்ட சொல்லலாம்னுதான் போன் பண்ணிருக்கா. நீங்க தம்பின்னுட்டீங்க."

கஞ்சி அப்படியே இருந்தது. காக்கை வந்து தட்டிவிட்டது.

எனக்குத் தெரிந்த மருந்து பயிருக்கு அடிப்பது. அடித்த வயலில் குச்சி நட்டுத் துணி கட்டி வைப்போம், யார் வீட்டு ஆடு மாடும் வாய் வைத்துவிடக் கூடாதென்று. என் பிள்ளைக்கு ஒருத்தனும் கட்டவில்லை.

புரட்டாசி 8, திங்கள்

மழை இல்லை. ஒரு வேலையும் ஓடவில்லை.

நாகப்பட்டினத்தில் த. முதல்முதலாகச் சண்டை போட்டது ஞாபகம். ஒரு பெண்ணை மூக்கில் குத்தினாள். நான் எழுந்து வாசல் எங்கே என்று பார்த்தேன். எங்கள் தெருவில் ஒருத்தன் கை ஓங்கிவிட்டான் என்றால் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் போய் ஒளிந்துகொள்வான், மாதக்கணக்கில் வர மாட்டான். இவள் குத்திவிட்டு அங்கேயே நிற்கிறாள். நடுவர் வந்து இவள் கையைப் பிடித்து மேலே தூக்குகிறார். ஜனம் கை தட்டுகிறது. அடித்த கையைத் தூக்கிக் காட்டுகிறார்களே என்று அழுதேன். அஞ்சலை தலையில் தட்டினாள், ஜெயிச்சிருக்கா, எதுக்கு அழுவுறீங்க என்று.

என் அப்பா ஞாபகமும் கூடவே. கூலி நெல் அரைப்படி கூடுதலாகக் கேட்டதற்குப் பண்ணையில் கட்டிவைத்துச் சாட்டையால் அடித்தார்கள். முதுகு வரப்பு வரப்பாக வீங்கியது. கொடி பிடித்த ஆட்கள் கேஸ் கொடுத்து, போலீஸ் வந்தது. அதற்கு முன்பே பண்ணைக் காரியக்காரர் எங்கள் குடிசைக்கு வந்துவிட்டார். வெற்றிலை, பாக்கு, ஒரு மரக்கால் நெல். போலீஸ் கேட்டதற்கு அப்பா, "மாடு முட்டிடுச்சுங்க" என்றார். முதுகில் எப்படி முட்டும் என்று ஏட்டு கேட்டார். "குனிஞ்சிருந்தேங்க."

எங்கள் வீட்டில் யார் பொய் சொன்னாலும், என்ன, மாடு முட்டிச்சா என்போம். த. சின்னப் பிள்ளையில் நிறையச் சொல்வாள்.

புரட்டாசி 10, புதன்

தஞ்சாவூருக்கு த.வும் நானும். தொண்டை டாக்டர். வழியில் குழாய்க்கு எதிராகச் சாலை மறியல், பஸ் வெகுநேரம் நின்றது. கண்டக்டர் சீட்டு கேட்டதற்கு த. இரண்டு விரலைக் காட்டினாள். ஊர் பெயரை நான் சொன்னேன்.

டாக்டர் அம்மா நல்ல மாதிரி. குழாய் விட்டுப் பார்த்தார்.

"ஊசிய நிறுத்திட்டீங்கல்ல. மத்தது கொஞ்சம் கொஞ்சமா சரியாகும்மா. குரல் நாண் தடிச்சுப் போச்சு. அது பழைய மாதிரி ஆகாது."

"கஷாயம் குடுக்குறேங்க" என்றேன்.

"குடுங்க ஐயா. கெடுதல் இல்ல."

திரும்பும்போது த. ஜன்னல் பக்கம். என் தோளில் சாய்ந்து தூங்கினாள், அல்லது தூங்குவதுபோல் இருந்தாள். எடை தாங்காமல் தோள் மரத்துவிட்டது. அசைக்கவில்லை.

புரட்டாசி 11, வியாழன்

ஆரோக்கியமேரி வேளாங்கண்ணி போய் வந்தாள். த.வின் தொண்டைக்கு நேர்ந்துகொண்டு, வெள்ளித் தகட்டில் தொண்டை வாங்கிப் போடப் பார்த்தாளாம்.

"கண்ணு இருக்கு, கையி இருக்கு, கொடலு கூட இருக்கு மாமா. தொண்டை தனியா இல்லியாம். கழுத்து வேணும்னா தலையோடதான் குடுப்பானாம். தலையே வாங்கிப் போட்டுட்டேன். மாதாவுக்குத் தெரியாதா எந்த எடம்னு."

த. உள்ளே இருந்தாள். கேட்டிருக்கும்.

புரட்டாசி 12, வெள்ளி

கார் ஒன்று தெருவுக்குள் வந்தது. மாஸ்டர். வெள்ளைச் சட்டை, ஆப்பிள், சத்துமாவு டின். என்னைக் கும்பிட்டார். த. எழுந்து நின்றாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. அது எனக்குப் பிடிக்கவில்லை.

"ஐயா, நீங்க விவசாயி. ஒங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. ஒரம் போடாம வெளையுமா? எல்லாரும் போடறாங்க. நம்ம பொண்ணு நேரம், மாட்டிக்கிச்சு."

பிறகு விஷயத்துக்கு வந்தார். விசாரணையில் ஊசி என்ற பேச்சே வேண்டாமாம். ஊருக்குப் போயிருந்தபோது சளிக்கு அப்பா நாட்டு மருந்து கொடுத்தார், லேகியம், அதில் என்ன கலந்திருந்தது என்று தெரியாது, அவர் எழுத்து வாசனை இல்லாத கிராமத்து ஆள். இப்படிச் சொன்னால் தடை பாதியாகக் குறையுமாம். பெல்ட் சண்டைக்கு வயசு இருக்கும்போதே திரும்பிவிடலாமாம்.

"ஒங்களுக்கு ஒண்ணும் வராதுங்கய்யா. அதுக்கு நான் பொறுப்பு."

கார் போயிற்று. ஆப்பிளை யாரும் தொடவில்லை.

நான் யோசித்தேன். எனக்கு என்ன வரப்போகிறது. இந்த வயதில் யார் என்ன சொன்னால் என்ன. எனக்குப் படிப்பு வாசனை இல்லை என்பதும் பாதிக்கு மேல் உண்மை. த. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நான்தான் லேகியம் குடுத்தேன்னு சொல்லிடும்மா. அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல."

வந்ததிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. கழுத்துத் துப்பட்டாவை அவிழ்த்தாள்.

"மாடு முட்டிச்சுன்னு சொல்லச் சொல்றீங்களாப்பா?"

அதே குரல். போனில் கேட்ட குரல். என் பிள்ளை முகத்திலிருந்து வருகிறது.

அவளே சொன்னாள்.

"மொத ரெண்டு ஊசி வைட்டமின்னாரு. நம்புனேன். கொரல் மாறுனப்ப தெரிஞ்சுபோச்சுப்பா. தெரிஞ்சும் போட்டுக்கிட்டேன். எதிர்ல நிக்கிறவளும் போட்டிருப்பான்னு சொன்னாரு. எனக்கு ஜெயிக்கணும் போல இருந்துச்சு."

அஞ்சலை அடுப்படியிலிருந்து வரவில்லை. பாத்திரம் தேய்க்கிற சத்தம் மட்டும் நின்றுபோனது.

புரட்டாசி 14, ஞாயிறு

நடவு. மேகமூட்டம், நடவுக்கு நல்ல நாள். ஆரோக்கியமேரி ஆட்களோடு விடிந்ததும் வந்தாள்.

த. வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு ஈசானி மூலையில் இறங்கினாள். முதல் முடியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். நட்டாள். விரல் மறக்கவில்லை. நிமிர்ந்தாள்.

எல்லாரும் காத்திருந்தார்கள். "போடுடி" என்றாள் ஆரோக்கியமேரி.

த. வாய் திறந்தது. மூடியது. கழுத்து நரம்பு புடைத்துத் தெரிந்தது. தண்ணீரையே பார்த்தபடி நின்றாள்.

நான் போட்டேன் குலவை. ஆம்பிளை போடுவதில்லை, தெரியும். முன்பல்லும் இல்லை. காற்றுதான் வந்தது, நடுவில் ஒரு கீச்சு.

"யோவ் மாமா, நரி பூந்துடுச்சுன்னு நாயெல்லாம் வரப் போவுது."

பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். த.வும் சிரித்துவிட்டாள். அடக்க முடியவில்லை அவளால். கட்டையாக, நெஞ்சிலிருந்து, வயல் முழுக்கக் கேட்டது.

பெண்கள் சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். த. கையால் வாயைப் பொத்தினாள், கை முழுக்கச் சேறு.

ஆரோக்கியமேரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குலவை போட்டாள். ஒன்று முடியுமுன் அடுத்தது. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எல்லாரும் குனிந்தார்கள். நடவு ஓடியது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

குழாய்க்காரர்கள் கல்லைச் சுற்றியும் த. நெருக்கமாக நட்டுவிட்டாள். பொழுது சாயும்போது கல் தெரியவில்லை.

புரட்டாசி 18, வியாழன்

த. டில்லிக்கு. தஞ்சாவூர் ஸ்டேஷன் வரை போனேன். புளிச்சோறு, வறுத்த கடலை, தண்ணீர். ஆப்பிள் அழுகிவிட்டது, எருக்குழியில்.

"பொய் சொல்றதுக்கு பயமில்லப்பா, உண்மை சொல்றதுக்கும் பயமில்ல. அங்க நாலு பேரு முன்னாடி வாயத் தொறக்கணும். நான் பேச ஆரம்பிச்சதும் நிமிந்து பாப்பாங்க."

ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. ரயில் வந்துவிட்டது. "சோத்த சூட்டுல வெக்காத, ஊசிப்போயிரும்" என்றேன். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை காதில் விழுந்தது. அவள் சிரித்தாள், சத்தமில்லாமல்.

புரட்டாசி 21, ஞாயிறு

களை இல்லை. நாற்று வேர் பிடித்துப் பச்சை திரும்புகிறது. ஆற்றில் தண்ணீர் கூடியிருக்கிறது. மாத்திரை தீர்ந்துவிட்டது.

செல்போனை இடுப்பில் கட்டிக்கொண்டே குளித்தேன். அஞ்சலை திட்டினாள்.

புரட்டாசி 23, செவ்வாய்

மத்தியானம் சோற்றில் கை வைத்தேன். செல்போன். புது நம்பர்.

எடுத்தேன். அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. மூச்சு மட்டும்.

"சொல்லும்மா" என்றேன்.

பிறகு, "எல்லாத்தையும் சொல்லிட்டேம்ப்பா. தெரிஞ்சு போட்டுக்கிட்டதையும்."

"என்ன சொன்னாங்க?"

"நாலு வருஷம். கொறைக்க மாட்டாங்களாம்."

நாலு வருஷம் கழித்து அவள் வயதை மனதில் கூட்டிப் பார்த்தேன். அவளும் கூட்டியிருப்பாள்.

"அந்த ஆளு?"

"எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னுட்டாரு. வெளிய வேற ஒரு பொண்ணோட நின்னாரு. சின்னப் பொண்ணு. அதுகிட்டப் போயி பேசுனேன். அது என் மூஞ்சியப் பாக்கல, தொண்டையவே பாத்துச்சு."

"யாருங்க?" என்று அஞ்சலை. "ஒம் பொண்ணு."

"வெச்சிரட்டுமாப்பா?"

"வெக்காத. பேசு."

"என்ன பேச?"

"எதையாச்சும்."

வயல் பச்சை திரும்பிவிட்டதா என்று கேட்டாள். திரும்பிவிட்டது என்றேன். ரயில் எத்தனை மணிக்கு, பக்கத்துப் படுக்கையில் யார், டில்லியில் சோறு எப்படி, அந்தக் குரலில் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் உம் கொட்டினேன். கையில் சோறு காய்ந்துவிட்டது.