பட்டியலில் காட்டாத பெயர்

13.3.2003, வியாழன். இருங்காட்டுக்கோட்டை.

புதிய மெயில் சர்வருக்கு மாறியதிலிருந்து, கம்பெனி முகவரிப் பட்டியலில் என் அறைத்தோழன் முருகேசனின் பெயர் மட்டும் வரவில்லை. மாற்றும்போது தொலைந்திருக்கும் என்று தேடினேன். கணக்கு பத்திரமாக இருக்கிறது. ‘பட்டியலில் காட்டாதே’ என்ற கட்டத்தில் யாரோ டிக் செய்திருக்கிறார்கள். சர்வர் தானாக அதைச் செய்யாது. சர்வரின் பாஸ்வேர்டு எனக்கும் மேனேஜருக்கும்தான் தெரியும்.

பட்டியலில் ஒரு பெயர் வரவில்லை என்று அவரிடம் சொன்னேன்.

“முருகேசன்தானே? அத்த அப்டியே வுடுப்பா. திங்கக்கெழம பாத்துக்கலாம்.”

நான் இன்னும் பெயரைச் சொல்லியிருக்கவில்லை.

அறைக்கு வந்ததும் முருகேசன் சிரித்துக்கொண்டே கேட்டான்: “ஏலே, எம்பேரு வந்துட்டா? இல்ல, வேலைய விட்டே தூக்கிட்டானுவளா?”

சர்வர் கோளாறு என்றேன். நம்பிவிட்டான். ஞாயிறன்று மனைவியை ஊரிலிருந்து அழைத்து வருகிறான். சுங்குவார்சத்திரத்தில் வீடு பார்த்துவிட்டான். இப்போது பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டுகிறான். கயிற்றைப் பிடிக்க என்னைக் கூப்பிடுகிறான்.