புதுநன்மைக்கு ஒரு கைச்சங்கிலி

சனிக்கிழமை, இரவு.

நாளை மாதா கோயிலில் ஜெனிக்குப் புதுநன்மை; முதன்முதலாக நற்கருணை வாங்கப் போகிறாள். மகளுக்கு என் கையால் ஏதாவது தர வேண்டுமென்று, பத்து மாதமாக வீடியோ பார்த்து, வெள்ளிக் கம்பியில் நீலமணி கோத்து ஒரு கைச்சங்கிலி செய்திருந்தேன். லேத்தில் டர்னர் வேலை பார்ப்பவன் நான், அளவு தப்பாது என்றிருந்தேன். சாயங்காலம் மாட்டிப் பார்த்தால் கொக்கி எட்டவில்லை.

"வலிக்குதுப்பா. எப்ப அளவெடுத்த?"

என் மனைவி ரோசியை அடக்கம் செய்த வாரம். என்ன செய்வதென்று தெரியாமல் பிள்ளையின் மணிக்கட்டை அளந்து வைத்தேன். அதன்பிறகு அவள் வளர்ந்ததை நான் பார்க்கவே இல்லை.

ரோசி பிள்ளைக்கு எந்தத் துணியையும் ஒரு அளவு பெரிதாகத்தான் எடுப்பாள். முத்தியால்பேட்டைக் கடையில் யூனிஃபார்ம் வாங்கும்போது, "சாக்கு மாதிரி இருக்குடி" என்பேன்.

"ம்க்கும், நீங்க மில்லிமீட்டரே பாத்துக்கினு இருங்க. புள்ள வளராதா?"

வீட்டுக்கு வந்து விளிம்பை உள்ளே மடித்துத் தைப்பாள். ஜூன் மாதம் வந்தால் ஒரு மடிப்பைப் பிரிப்பாள்.

உட்கார்ந்து, கொக்கிப் பக்கம் ஏழு வளையம் கூடுதலாகச் சேர்த்தேன். ஜெனி கையை ஆட்டிப் பார்த்தாள்.

"இன்னாப்பா, வாலு மாதிரி தொங்குது?"

"நீ வளர வளர தள்ளித் தள்ளி மாட்டிக்கலாம்."

"காலேஜ் போறப்பகூடவா?"

"பத்தலன்னா அப்ப இன்னும் ரெண்டு சேத்துத் தரேன்."

சொன்ன பிறகுதான் தோன்றியது. ரோசி போனதிலிருந்து, மறுநாளைத் தாண்டி எதையும் நான் பேசியதே இல்லை.