ரேடியேட்டரில் நீ ஊற்றிய தண்ணீர்

இன்று காலை தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் கொதித்துப்போய் நின்றது. டிரைவர் நனைத்த சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். ஆவியோடு துருவும் எண்ணெயும் கலந்து வந்த அந்த வாடையில் உன் நினைப்பு வந்துவிட்டது. நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. நீ இருக்கும்போது சொல்லத் துப்பில்லாததை இப்போது காகிதத்தில் எழுதுகிறேன்.

அணா போய் நயா பைசா வந்த வருஷத்துச் சாரல் சீசன். ஒரே முதலாளியிடம் நீ வேன் டிரைவர், நான் மெக்கானிக். தென்காசி ஸ்டேஷனிலிருந்து குற்றாலம் ஐந்தருவிக்கு ஆள் ஏற்றுவோம். கடைசி ஏற்றத்தில் எந்த வேனும் திணறும். ஆண்களெல்லாம் இறங்கித் தள்ளவேண்டும். நம் வேன் மட்டும் யாரும் இறங்காமல் ஏறவேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. எஞ்சின் ஹெட்டைக் கழற்றி, லேத்தில் கொடுத்து அடிப்பக்கத்தைச் சீவி வாங்கிவந்தேன். உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் கூடும், இழுவையும் கூடும். கொஞ்சம் சீவினாலே போதும்; அளவு மீறினால் எஞ்சின் சூடேறித் தட்டும், கடைசியில் உடைந்தே போகும். நான் ஆசைப்பட்டு இன்னும் சீவச் சொன்னேன். முதலாளியிடம் சொன்னாயா என்று நீ கேட்டாய். ஏறிக் காட்டிவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்றேன்.

முதல் நாள் பன்னிரண்டு பேரோடு வேன் நிற்காமல் ஏறியது. உனக்கும் சந்தோஷம்தான். நான்காம் நாளே, "உள்ள யாரோ கதவத் தட்டுத மாதிரி கேக்குதுலே, ஒருக்கா பிரிச்சுப் பாரேன்" என்றாய். சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

ஆடி அமாவாசையன்று அதே ஏற்றத்தில் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் கிழிந்து பிஸ்டனும் உடைந்தது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. தண்ணீரெல்லாம் ஆவியாகப் போய்விட்டது. முதலாளி வந்து என்ன ஆயிற்று என்றார். நான் மூடியைத் திறந்து பார்த்து, "தண்ணி இல்லையே மொதலாளி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அது பொய்யில்லை என்று வெகுநாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அன்று வரும் வழியில் மேலகரத்தில் நீ வேனை நிறுத்தி, வாய்க்காலில் மொண்டு ரேடியேட்டரை நிறைத்ததைப் பக்கத்து ஸீட்டிலிருந்து பார்த்தவன் நான். நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் ஸ்பானரைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

நீ தண்ணீர் ஊற்றாமல் ஓட்டிவிட்டாய் என்று முதலாளி அங்கேயே உன்னிடம் சாவியை வாங்கிவிட்டார். அதன்பின் ஒருவரும் உன்னை நம்பி வண்டி தரவில்லை. அரிசி மில்லில் மூட்டை தூக்கினாய். 'குத்தாலத்துல தண்ணி கெடைக்காத டிரைவரு' என்று ஊரே கேலி பேசியது. டீக்கடையில் நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். நினைத்தால் கூசுகிறது. நீ என்னை எவரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரே ஒரு தடவை, என் கல்யாணப் பந்தியில் கை கழுவும்போது, "ஒனக்குத் தெரியும்லா, அது போதும்லே" என்றாய்.

உன் பதினாறாம் நாளன்று உன் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, நீங்க கூட இருந்தீகள்லா. அன்னைக்கு அவுக தண்ணி ஊத்துனாகளா, இல்லியா? ஊத்துனேன்னுதான் கடைசிவரைக்கும் சொன்னாக. எனக்குத்தான் முழுசா நம்பிக்கையில்ல."

"ரொம்ப நாளாச்சு தாயி, நெனப்பில்ல" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, பந்தியில் நான் உட்கார்ந்ததும் என் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைக்கச் சொன்னார். அதையும் மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டுத்தான் வீடு வந்தேன்.